வாஷிங்டன் பள்ளிக் குலுக்கல்: நான்காம் வகுப்புக்குப் பள்ளி மாற்ற விண்ணப்பிக்கிறோம், பட்டியலை எந்த வரிசையில் எழுதுவது?

வடகிழக்குவாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வாஷிங்டன் நகரின் வடகிழக்குப் பகுதியில் குடியிருக்கிறோம். மகள் எங்கள் முகவரிக்குரிய பொதுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் மீது பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவள் போக வேண்டிய நடுநிலைப் பள்ளியை நினைத்தால் எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆகவே நான்காம் வகுப்பிலேயே வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று நகரப் பள்ளிகளுக்குப் பொதுவாக நடக்கும் மை ஸ்கூல் டிசி குலுக்கலில் விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறோம். மார்ச் தொடக்கத்தில் கடைசி நாள்.

12 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். எங்களுக்கு மிகவும் பிடித்த பள்ளியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அடுத்ததாகப் பிடித்த பள்ளியில் வாய்ப்பு சற்று அதிகம் என்று தோன்றுகிறது. எட்டாத பள்ளியை முதலில் எழுதி முதல் வரியை வீணாக்க வேண்டாம், இரண்டாவதை முதலில் எழுதினால் அதுவாவது கிடைக்கும் என்று என்னுடன் வேலை பார்ப்பவர் சொல்கிறார். என் கணவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இதுதான் இப்போது பேச்சு. இன்னொரு சந்தேகமும் உண்டு: குலுக்கலில் இடம் கிடைத்த பிறகு நாங்கள் மனம் மாறினால், இப்போதுள்ள பள்ளியில் அவளுடைய இடம் போய்விடுமா?

சார்லஸ்கரை

வணக்கம் அம்மா. உங்கள் அலுவலக நண்பர் சொல்வதைப் புறந்தள்ள வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பாஸ்டன் பொதுப் பள்ளிகளில் சேர்ந்த காலத்தில் நடைமுறை அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் கொடுத்து, அங்கேயே கதவைச் சாத்திவிடும். முதல் விருப்பம் கைவிட்டுப் போனால், இரண்டாவது விருப்பப் பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, நல்ல பள்ளியாகவும் இருக்க வேண்டும், கூட்டமும் குறைவாக இருக்க வேண்டும் என்று தேடி, அதைத் தலையில் எழுதுவார்கள். விவரம் தெரியாதவர்கள் மனத்தில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டு ஏமாந்தார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் முதலில் எழுதுவேன்.

எண்கணிதன்

சார்லஸ்கரை ஐயா விவரித்த பழைய பாஸ்டன் முறை உண்மையிலேயே இருந்தது. பொருளியல் நூல்களில் அதற்கு அந்த நகரத்தின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் பாஸ்டன் பள்ளிக் குழு 2005ஆம் ஆண்டு வாக்களித்து அதைக் கைவிட்டது. கைவிட்டதற்கு ஐயா சொன்ன அநியாயமே முதன்மையான காரணம்: சூழ்ச்சி தெரிந்தவர்களுக்கு இடம் கிடைத்தது, உண்மையாக எழுதியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. இங்கிலாந்திலும் முதல் விருப்பமாக எழுதியவருக்கே முன்னுரிமை என்ற விதியை 2007ஆம் ஆண்டின் சேர்க்கை நெறிமுறை தடை செய்தது.

வாஷிங்டன் குலுக்கல் வேறு முறையில் இயங்குகிறது. அதன் வேர் 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய இருவர், இரு தரப்பினரை அவரவர் விருப்பப்படி இணைப்பது பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரை. பொருளியலாளர் ஆல்வின் ராத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தச் சிந்தனையை நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஏற்ப அமைத்தார்கள். 2003இல் அது அங்கே நடைமுறைக்கு வந்தது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்டனும் பின்னர் இதே வகை முறைக்குத்தான் மாறியது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இதைத் தாளில் போட்டுப் பார்த்தால் வீட்டு வாக்குவாதம் தீர்ந்துவிடும். ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பில் ஒரே ஓர் இடம் காலி. சிறிய எண்ணே நல்ல எண் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் 75 என்ற எண் வந்த சிறுவன் அந்தப் பள்ளியை முதல் விருப்பமாக எழுதியிருக்கிறான். 40 என்ற எண் வந்த சிறுமி அதை இரண்டாவதாக எழுதியிருக்கிறாள். முதல் சுற்றில் அந்த இடம் சிறுவனுக்குத் தற்காலிகமாக மட்டுமே ஒதுக்கப்படுகிறது. சிறுமி தன் முதல் விருப்பத்தில் தோற்று இங்கே வரும்போது, கணினி இருவரின் எண்களையும் ஒப்பிட்டு அவளுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, சிறுவனை அவனுடைய அடுத்த விருப்பத்துக்கு அனுப்புகிறது. அவன் முதலில் எழுதியிருந்தான் என்பது கணக்கிலேயே வரவில்லை. சிறுமியும் எட்டாத பள்ளியை முதலில் எழுதியதால் எதையும் இழக்கவில்லை. எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகுதான் தற்காலிகம் நிரந்தரமாகிறது.

ஆகவே இரண்டாவது பள்ளியை முதலில் எழுதினால், அதில் உங்கள் வாய்ப்பு ஓர் இம்மியும் அதிகரிக்காது. முதல் பள்ளியில் உங்களுக்கு இருந்த சிறிய வாய்ப்பு மட்டும் கைநழுவும். உங்கள் கணவர் சொல்வதே சரி.

சார்லஸ்கரை

விளக்கத்துக்கு நன்றி, உதாரணம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டியல் 12 பள்ளிகளோடு நின்றுவிடுகிறதே. ஒருவர் தனக்குப் பிடித்த பள்ளிகள் என்று 12 எட்டாத பள்ளிகளை எழுதினால், உண்மையாக எழுதியும் வெறுங்கையோடு நிற்பாரே. அப்போது யோசித்து எழுதத்தானே வேண்டியிருக்கிறது?

எண்கணிதன்

சரியான கேள்வி. வரம்பு இருக்கும்போது எந்தப் பள்ளிகளைப் பட்டியலில் சேர்ப்பது என்பதில் யோசனை தேவை; சேர்த்தவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதில் யோசனை தேவையில்லை, விருப்ப வரிசையே போதும். எட்டாத பள்ளிகள் பல இருந்தால் அவற்றில் சிலவற்றை விட்டுவிட்டு, கிடைக்கக்கூடிய ஒன்றிரண்டை அடியில் சேர்க்கலாம்.

ஆனால் பள்ளி மாற்றக் கேட்கும் குடும்பத்துக்கு இந்தக் கவலை பெரும்பாலும் எழுவதில்லை. மூன்று வயதுக் குழந்தையை முதன்முதலில் சேர்ப்பவருக்குக் கையில் எதுவும் இல்லை, அவர் 12 வரிகளையும் நிரப்புவது இயல்பு. உங்களுக்கோ ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்கிறது. இப்போதைய பள்ளியைவிட எந்தப் பள்ளிகள் மேல் என்று நீங்கள் மனமார நினைக்கிறீர்களோ, அவற்றை மட்டும் எழுதி அத்தோடு நிறுத்திவிடுங்கள். மீதி வரிகள் காலியாக இருந்தால் நட்டம் எதுவும் இல்லை.

தலைநகர் பழையவர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதுதான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, முகவரிக்குரிய பள்ளியில் படிக்கும் உரிமைக்குக் குலுக்கல் வேண்டியதில்லை. மூன்று, நான்கு வயதுக்கான முன்மழலை வகுப்புகளுக்கு மட்டும்தான் சொந்த எல்லைக்குள் இருப்பவர்களும் குலுக்கலில் நிற்க வேண்டும். உங்கள் மகள் இப்போது படிப்பது முகவரிக்குரிய பள்ளி என்பதால், குலுக்கலில் இடம் கிடைத்து நீங்கள் சேராமல் விட்டாலும், சேர்ந்த பிறகு பிடிக்காமல் திரும்பினாலும், அதே முகவரியில் இருக்கும்வரை அந்தப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லைக்கு வெளியே குலுக்கலில் இடம் வாங்கிப் படிக்கும் பிள்ளைகளின் நிலை இப்படி இல்லை. அவர்கள் புதிய பள்ளியில் பதிவு செய்த உடனே பழைய இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் ஆகிறார்கள். மீண்டும் வேண்டுமென்றால் மீண்டும் குலுக்கல்தான்.

அடுத்தது காத்திருப்புப் பட்டியல். உங்களுக்கு மூன்றாவது விருப்பப் பள்ளியில் இடம் கிடைத்தால், அதற்கு மேலே எழுதிய இரண்டு பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலிலும் உங்கள் மகளின் பெயர் இருக்கும். கீழே எழுதிய பள்ளிகளின் பட்டியலில் பெயரே இருக்காது. கிடைத்த இடத்தில் பதிவு செய்துகொண்டாலும் மேலே உள்ள காத்திருப்பு அப்படியே தொடரும், அதனால் பயந்து பதிவு செய்யாமல் இருந்துவிட வேண்டாம். வரிசையைத் திருகி எழுதுபவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது: அதிகம் பிடித்த பள்ளியைக் கீழே எழுதிவிட்டு, மேலே எழுதியது கிடைத்துவிட்டால், பிடித்த பள்ளிக்குக் காத்திருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

காத்திருப்பு எண் எப்போதும் முன்னேறும் என்றும் நம்ப வேண்டாம். உடன்பிறந்தோர் முன்னுரிமை பெற்ற ஒருவர் இடையில் புகுந்தால் உங்கள் எண் பின்னுக்குப் போகும். ஆகஸ்டு மாதத்தில்தான் பட்டியல் வேகமாக நகரும். பதிவு செய்தும் பள்ளி திறக்கும்போது வராதவர்களின் இடங்கள் அப்போதுதான் தெரியவரும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் பதில் சொல்லக் கொடுக்கும் அவகாசம் குறைவு. அந்தக் காலத்தில் விமானத்தில் இருக்கப் போகிறீர்கள் என்றால், மின்னஞ்சலைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். அந்த ஆண்டின் பட்டியல் அந்த ஆண்டோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இருபிள்ளைத்தாய்

ஒரு சிறு சேர்க்கை. வீட்டில் இன்னொரு குழந்தை விண்ணப்பிக்கும் வயதில் இருந்தால் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போடுங்கள். ஒரு பிள்ளை ஏற்கெனவே படிக்கும் பள்ளியில் மட்டுமல்லாமல், அதே குலுக்கலில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும் பள்ளியிலும் மற்றப் பிள்ளைக்கு முன்னுரிமை கிடைக்க வழி உண்டு. எந்தப் பள்ளி எந்த முன்னுரிமையைத் தருகிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறுபடுவதால், ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து பார்த்தாக வேண்டும். கணினி முன்னுரிமைக் குழுக்களை முதலில் வரிசைப்படுத்திய பிறகே, ஒரே குழுவுக்குள் இருப்பவர்களைக் குலுக்கல் எண்ணால் பிரிக்கிறது.

மறுபக்கம்

வரிசையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், மாற்றுவது அவசியமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளியின் மீது குறை இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இத்தகைய குலுக்கல்களால் ஆய்வாளர்களுக்கு ஒரு நன்மை உண்டு. இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் விண்ணப்பிக்கும் அளவு அக்கறை உள்ள குடும்பங்களே. வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமே. எனவே இரு தரப்பையும் ஒப்பிட்டால் பள்ளியின் விளைவு தனியாகத் தெரியும். ஜூலி கல்லன், பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட் ஆகியோர் சிகாகோ உயர்நிலைப் பள்ளிக் குலுக்கல்களை இப்படி ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். வென்றவர்கள் பெயர்பெற்ற பள்ளிகளுக்குப் போனார்கள், ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் தோற்றவர்களைவிட அவர்கள் முன்னேறவில்லை. பெயர்பெற்ற பள்ளி என்பதும் என் பிள்ளைக்குப் பயன்தரும் பள்ளி என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எண்கணிதன்

அந்த ஆய்வு சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதை. வட கரோலினாவின் சார்லட் நகரக் குலுக்கலை ஆராய்ந்து டேவிட் டெமிங் 2011இல் எழுதிய கட்டுரையில், வென்ற மாணவர்கள், குறிப்பாகக் குற்றங்களில் சிக்கும் ஆபத்து அதிகம் இருந்தவர்கள், பின்னாளில் குற்றங்களில் குறைவாகவே ஈடுபட்டார்கள் என்று காட்டியிருக்கிறார். அதே ஆண்டில் வெளியான பாஸ்டன் சார்ட்டர் பள்ளி (அரசு நிதியில் தனி நிர்வாகம் நடத்தும் கட்டணமில்லாப் பள்ளி) ஆய்வில் கணித மதிப்பெண்ணில் கணிசமான உயர்வு தெரிந்தது. சிகாகோ ஆய்விலேயே, வென்றவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கைச் சிக்கல்கள் குறைந்ததாக ஒரு முடிவு உண்டு. எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு மாறுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன். மறுபக்கம் நண்பரின் கேள்வி நியாயமானது, பதில்தான் ஒரே மாதிரி இல்லை.

வடகிழக்குவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்கள் கவலை நடுநிலைப் பள்ளி பற்றியது என்பதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். அப்படிப் பார்த்தால் நான்காம் வகுப்பில் மாற்றுவதா, ஐந்தில் மாற்றுவதா, ஆறு வரை காத்திருப்பதா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: பள்ளி முதல்வரை நேரில் பார்த்துப் பேசினால் ஏதேனும் வழி பிறக்கும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

தலைநகர் பழையவர்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளியைச் சுற்றிப் பார்க்க, ஆசிரியர்களிடம் கேள்வி கேட்கத் தாராளமாகப் போங்கள். இடம் கேட்டுப் போக வேண்டாம். இந்த நகரத்துப் பொதுப் பள்ளிகளின் சான்சலராக, அதாவது தலைமை நிர்வாகியாக, இருந்த ஆன்ட்வான் வில்சன் 2018 பிப்ரவரியில் பதவி விலகினார். அவருடைய மகள் கல்வியாண்டின் நடுவில், 600க்கும் மேற்பட்டோர் காத்திருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குக் குலுக்கலைத் தாண்டி மாற்றப்பட்டது வெளியே வந்ததுதான் காரணம். இப்படி மாற்றுவது பற்றிய விதிகளைக் கடுமையாக்கியவரே அவர்தான் என்பதை நான் இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு. அதன் பிறகு எந்த முதல்வரும் இப்படிப்பட்ட பேச்சைக் காதில் வாங்கவே அஞ்சுவார்.

வகுப்பு பற்றி: இடம் எப்போது காலியாகிறது என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் புதிய பிரிவுகள் தொடங்குவதில்லை, யாரேனும் விட்டுப் போனால்தான் இடம். வாஷிங்டன் லத்தீன், பேசிஸ் போன்ற சார்ட்டர் பள்ளிகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகின்றன, ஆகவே அந்த வகுப்பில் அவர்களிடம் பெருந்தொகையாக இடம் திறக்கிறது. அங்கே பிள்ளைகள் போய்விடுவதால் பொதுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றிலும் ஐந்தாம் வகுப்பில் இடம் காலியாகும். பொதுப் பள்ளி ஒன்றில் படித்து முடிக்கும் பிள்ளைக்கு, அவள் எல்லைக்கு வெளியிலிருந்து வந்தவளாக இருந்தாலும், அந்தப் பள்ளிக்கு அடுத்ததாக வகுத்துள்ள நடுநிலைப் பள்ளியில் தொடரும் உரிமை உண்டு. ஃபீடர் உரிமை என்று இங்கே எல்லாரும் பேசுவது இதைத்தான். உங்களுக்கு வேண்டியது நடுநிலைப் பள்ளி என்றால், எந்தத் தொடக்கப் பள்ளிகள் அந்த நடுநிலைப் பள்ளிக்குப் போகின்றன என்று பார்த்து, அவற்றை இந்த ஆண்டு நான்காம் வகுப்புக்கும், கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கும் எழுதுவது என் யோசனை. ஆறாம் வகுப்பில் நேரடியாகக் கேட்டால், ஃபீடர் உரிமையோடு வருபவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் இடத்துக்குத்தான் போட்டியிட வேண்டும்.

சென்ற ஆண்டுகளில் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எத்தனை இடம் ஒதுக்கினார்கள், காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்ற விவரங்களைக் குலுக்கல் அலுவலகமே வெளியிடுகிறது. வதந்தியைக் கேட்பதைவிட அரை மணி நேரம் அதைப் பார்ப்பது மேல்.

நெறியாளர்

பள்ளிகளின் பெயரைச் சொல்லி ஆசிரியர்களைக் குறைகூறிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். விவாதம் விண்ணப்பத்தைப் பற்றியே தொடரட்டும்.

இருபிள்ளைத்தாய்

பயணத்தையும் கணக்கில் வையுங்கள், அம்மா. குலுக்கலில் கிடைத்த பள்ளிக்கு நகரம் பொதுவாகப் பேருந்து அனுப்புவதில்லை. சிறப்புக் கல்வித் திட்டத்தில் அந்த வசதி எழுதப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் உண்டு. கிட்ஸ் ரைட் ஃப்ரீ அட்டை இருந்தால் மெட்ரோவும் பேருந்தும் மாணவர்களுக்கு இலவசம் என்பது உண்மைதான். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணை அதில் தனியாக அனுப்ப முடியாது, பெற்றோரில் ஒருவர் கூடப் போக வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பு, ஒரு வேலை நாளில் பள்ளி தொடங்கும் நேரத்துக்கு அங்கே சென்று, அங்கிருந்து உங்கள் அலுவலகம் வரை போய்ப் பாருங்கள். பள்ளி முடிந்த பிறகான பராமரிப்பில் இடம் இருக்கிறதா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பள்ளியில் இடம் கிடைத்தால் அதிலும் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. இருமொழிப் பள்ளி எதையேனும் பட்டியலில் வைத்திருந்தால், நான்காம் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைக்கு அந்த மொழி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்றும் விசாரியுங்கள்.

மறுபக்கம்

நடுநிலைப் பள்ளிதான் நோக்கம் என்றால் என் மறுப்பில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி நிற்கிறது. மகளிடம் கேட்டீர்களா? ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோழிகளை விட்டுப் போவது சிறிய விஷயம் இல்லை, கிடைக்குமா கிடைக்காதா என்று மார்ச் இறுதி வரை அவளையும் பதற்றத்தில் வைப்பதும் நல்லதில்லை.

வடகிழக்குவாசி

இன்னும் அவளிடம் சொல்லவில்லை. முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துப்போவதால் அவளே ஊகித்துவிடுவாள் என்று இப்போது தோன்றுகிறது. இன்று மாலை பேசிவிடுகிறோம்.

பட்டியலில் மூன்று பள்ளிகள் மட்டும் எழுதப் போகிறோம். எங்களுக்கு மிகவும் பிடித்தது முதலில். மற்ற இரண்டும், நாங்கள் விரும்பும் நடுநிலைப் பள்ளிக்கு ஃபீடராக உள்ள தொடக்கப் பள்ளிகள். நான்காவதாக எழுதியிருந்த பள்ளியை, இப்போதுள்ள பள்ளியைவிட அது மேல் என்று இருவராலும் சொல்ல முடியாததால், நீக்கிவிட்டோம். இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் ஐந்தாம் வகுப்புக்கு மீண்டும் எழுதுவோம்.

கடைசியாக ஒரு கேள்வி. என் கணவருக்கு மேரிலாந்து பக்கம் வேலை மாறும் வாய்ப்பு இருக்கிறது. கோடையில் மாண்ட்கமரி கவுன்டிக்குக் குடிபோக நேர்ந்தால், இங்கே கிடைத்த இடத்தை வைத்துக்கொள்ள முடியுமா?

தலைநகர் பழையவர்

கட்டணமில்லாமல் வைத்துக்கொள்ள முடியாது, சகோதரி. பதிவு செய்யும்போதே நகரவாசி என்பதற்கான ஆவணங்களைக் கேட்பார்கள், அது பொதுப் பள்ளிக்கும் சார்ட்டர் பள்ளிக்கும் பொருந்தும். வெளியூர் மாணவர் என்றால் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டும். காத்திருப்பில் நகரவாசிகள் இருக்கும் பள்ளியில் வெளியூர் மாணவருக்கு இடமும் தரமாட்டார்கள். முகவரியை மறைத்துப் படிக்க வைத்துப் பிடிபட்டவர்களிடம் பின்தேதியிட்டுக் கட்டணம் வசூலித்த வழக்குகள் உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மாண்ட்கமரி கவுன்டியில் முகவரிக்குரிய பள்ளியில் சேர்வதே வழக்கம். பாடங்களை வேறொரு மொழியில் கற்பிக்கும் மொழி மூழ்கல் வகுப்புகள் போன்ற சில திட்டங்களுக்குக் குலுக்கல் வைக்கிறார்கள். மற்றபடி பள்ளி மாற்ற வேண்டுமானால் குறிப்பிட்ட காரணம் காட்டி, ஆவணங்களோடு தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கும் வசந்த காலத்தில் கடைசி நாள் உண்டு. வேலை உறுதியாகும்வரை இங்கே குலுக்கலில் விண்ணப்பித்து வையுங்கள். மே மாதத் தொடக்கத்தில் வரும் பதிவுக் கெடு தேதிக்குள் உங்கள் கணவரின் வேலை பற்றித் தெரிந்துவிட்டால், அதற்குத் தக்கபடி பதிவு செய்யலாம் அல்லது விட்டுவிடலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.